கடைசி சீட்டில் வந்தவள்

அத்தியாயம் 9

“கடல் ஒருத்தர எடுத்துகிட்டா, செருப்ப எதுக்குக் கடிச்சுப் பாக்கணும்?” என்று கேட்டாள் தெய்வநாயகி.

அவள் கையில் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு இருந்தது. இடது கால் வாரில் வரிசையாக நாலு பள்ளம். வலது கால் வார் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஊக்கு குத்தியிருந்தது.

அந்தோணிராஜ் குனிந்து பார்த்தான். “தினமும் மீனையே தின்னா அதுக்கும் அலுக்கும்ல மேடம்.”

“நாய்ப் பல்லுய்யா இது.”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் கௌரவமா சொல்லலாமேன்னு பாத்தேன்.”

தெய்வநாயகி சிரிக்கவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டம்மாவாக இருந்து, வேலையை விட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள். அங்கே அவளுக்கு உதவிக்கு இருந்தது அந்தோணிராஜும், அவனுடைய எம்-எய்ட்டி வண்டியும், அவன் வாயும்தான். நாற்பத்தைந்து வயதிலும் அந்த வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

செருப்புக்குச் சொந்தக்காரி அமராவதி. பெயிண்ட் கடை முருகையனின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், தம்பி வீட்டோடு இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு ‘ஒருநாள் இன்பச் சுற்றுலா’ பஸ்ஸில் இந்தக் கடற்கரைப் பூங்காவுக்கு வந்தாள். கடல் குளியல், மதியச் சாப்பாடு, கலைநிகழ்ச்சி, கிளிஞ்சல் கடை, இருட்டுவதற்குள் திண்டிவனம். எல்லாரும் திரும்பிப் போனார்கள். அவள் போகவில்லை. மறுநாள் காலை மணலில் இந்தச் செருப்பு கிடைத்தது. போலீஸ் கடலைப் பார்த்தது, தலையை ஆட்டியது, போய்விட்டது. போன டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் யார் காணாமல் போனாலும் கடல் தலையில் கட்டிவிடுவது எல்லாருக்கும் பழகியிருந்தது.

இன்று புதன்கிழமை. தெய்வநாயகிக்குச் சொல்லி அனுப்பிய முருகையன், திங்கட்கிழமை வந்தவன், இன்னும் திரும்பிப் போகவில்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ராத்திரிக்குப் பக்கத்து ஊரான அனுமந்தையில் வலைக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறானாம்.

தெய்வநாயகி அவன் பக்கத்தில் குந்தினாள். “செருப்பு ரெண்டும் சேர்ந்தா கெடந்துச்சு?”

“இல்லைங்க. ஒண்ணு தோப்புக்குள்ள. இன்னொண்ணு அதோ, அந்த மேட்டுல. போலீஸ்தான் ஒரே கவர்ல போட்டுக் குடுத்தாங்க.”

மேடு அலைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. தோப்பு அதற்கும் அந்தப் பக்கம்.

“அக்கா இல்லைன்னு எப்ப பாத்தீங்க?”

முருகையன் மணலைக் கையால் அள்ளி விட்டான். “பஸ்ஸ விட்டு எறங்கி, ஆட்டோ புடிச்சு, வீட்டு வாசல்ல நிக்கும்போது. சாவி அக்காகிட்டதான் இருக்கும். கைய நீட்டினேன். பின்னால யாரும் இல்ல.”

பிறகு, “என்ன கலர் சேலைன்னு போலீஸ் கேட்டாங்க. எனக்குத் தெரியலைங்க. என் வீட்டுக்காரி வினோதினிதான் பிரவுனுன்னு சொன்னா. அவளும் உறுதியா சொல்லல” என்றான்.

தெய்வநாயகி எழுந்து பூங்காவை நோக்கி நடந்தாள்.

பூங்காவின் பார்க்கிங்கில் அதே சுற்றுலா பஸ் நின்றது. பள்ளிக்கூட லீவு முடியும்வரை வாரத்தில் மூன்று டிரிப் ஓடுகிறதாம். படியில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தான் டிரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அசோகன். அமராவதி பெயரைக் கேட்டதும் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டான்.

“முப்பத்தாறு பேரு வந்தாங்க மேடம். திரும்பும்போதும் முப்பத்தாறு. போலீஸ்ல சொன்னேன். உனக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லிட்டாங்க. ஒம்பது வருஷமா ஆள எண்ணித்தான் சோறு திங்கறேன்.”

“அமராவதி எங்க உக்காந்தாங்க?”

“கடைசி சீட்டு. பைங்களோட. வரும்போதும் அங்கதான், போகும்போதும் அங்கதான். முந்தானைய தலைவரைக்கும் இழுத்துப் போத்திகிட்டு தூங்குனாங்க. திண்டிவனத்துல பெரியாஸ்பத்திரிகிட்ட நிறுத்தச் சொல்லி எறங்கிட்டாங்க. அவங்க ஆளுங்க முன் சீட்டுல. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நானும் ஒண்ணும் கேக்கல. குடும்ப விஷயம்.”

அந்தோணிராஜ் கையைத் தட்டினான். “கேஸ் முடிஞ்சுது மேடம். அந்தம்மா திண்டிவனத்துல இருக்காங்க. நாம வெயில்ல இங்க வந்து காயறோம்.”

“செருப்பு இல்லாமயா போனாங்க?” தெய்வநாயகி அசோகனிடம் திரும்பினாள். “எறங்கும்போது கால பாத்தியாப்பா?”

அசோகன் யோசித்தான். “பாத்தேன். படியில கொஞ்சம் தடுமாறுனாங்க. தங்கக் கலர்ல குதிகால் வச்ச செருப்பு. இந்த வயசுல இது தேவையான்னு தோணுச்சு.”

“அந்த சீட்ட நான் பாக்கலாமா?”

கடைசி சீட்டின் ரெக்ஸினை அசோகன் கழுவித் துடைத்திருந்தான். “அத ஏன் கேக்கறீங்க. சீட்டு முழுக்க ஜிகினா. தேச்சாலும் போவல.” தெய்வநாயகி தையல் இடுக்கில் நகத்தை விட்டு ஒன்றை எடுத்தாள். பச்சை நிறம். மீன் செதில் போல வளைந்து, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

“ஆக, முப்பத்தாறு பேரு வந்ததும் நிஜம், முப்பத்தாறு பேரு போனதும் நிஜம்” என்றாள் அவள். “ஆள்தான் வேற.”

அசோகன் மடித்த பொட்டலத்தை மறுபடி பிரித்தான். மூன்று நாளில் முதல் முறையாக அவனை ஒருவர் நம்பியிருந்தார்.

கிளிஞ்சல் கடைகள் வரிசையாக இருந்தன. சோழி மாலை, சங்கு விளக்கு, கிளிஞ்சல் ஒட்டிய கண்ணாடி. இன்றைய பஸ்ஸில் வந்த குடும்பங்கள் கடைக்குக் கடை நின்று பேரம் பேசின. ஈரத் தலையோடு பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு அப்பா தன் பெண்ணைத் தோளில் தூக்கி விலையுயர்ந்த சங்கைக் காட்டிவிட்டு, விலை குறைந்ததை வாங்கித் தந்தார். தெய்வநாயகி ஓரமாக நடந்தாள். தங்கக் கலர் குதிகால் செருப்பு விற்கிறதா என்று பார்த்தாள். எங்கேயும் இல்லை.

ஒரு கடைக்காரர் அரிசி மணியில் பெயர் எழுதிக் கண்ணாடிக் குழலுக்குள் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “வாங்க மேடம். யாரு பேரு போடணும்?”

தெய்வநாயகி வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. பெங்களூரில் ஒரு தம்பி இருந்தான். பொங்கலுக்குப் போன் செய்வான். அவன் பிள்ளைகளின் பெயர்கள் நினைவுக்கு வருவதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். தான் ஒருநாள் வீடு திரும்பாவிட்டால் யாருக்கு முதலில் தெரியும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரருக்கு. அதுவும் ஒன்றாம் தேதி.

“மேடம், மேடம்” என்று பின்னாலிருந்து குரல். அந்தோணிராஜ் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு வந்தான். அலையில் கால் நனைக்கப் போனவன் செருப்பை எங்கேயோ விட்டிருந்தான். “என் செருப்பையும் அந்த நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. மணலா இது, அடுப்பு. இதுல செருப்பில்லாம அந்தம்மா எப்படி மூணு நாளா இருப்பாங்க? காலே இல்லாதவங்கதான் இருக்க முடியும்.”

தெய்வநாயகி நின்றாள்.

கடைகளுக்கு அந்தப் பக்கம் நீலத் தார்ப்பாய்க் கூடாரம் ஒன்று. அதன் மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கி காலையிலிருந்து ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அது அவள் காதில் விழவே இல்லை. இப்போதுதான் விழுந்தது. *இடுப்புக்கு மேலே பெண். இடுப்புக்குக் கீழே மீன். ஆழ்கடலின் அதிசயம், உயிருள்ள கடல்கன்னி.*

“அந்தோணி, ரெண்டு டிக்கெட் எடு” என்றாள்.

கூடார வாசலில் டிக்கெட் கிழித்தவர் பெயர் பச்சமுத்து. கடல்கன்னி ஷோ அவருடையது. தெய்வநாயகி தான் யாரென்று சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“போலீஸ் எங்கிட்டயும் வந்தாங்கம்மா. பிரவுன் சேலை கட்டின பொம்பள கடல் பக்கம் போனத பாத்தியான்னு கேட்டாங்க. பாக்கலன்னேன். நெஜமாவே பாக்கல.”

“உங்க கடல்கன்னி யாரு?”

“கீதாஞ்சலின்னு ஒரு பொண்ணு. கூனிமேட்டு பக்கம். இப்ப அதோட பெரியம்மா வந்து உக்காந்திருக்காங்க. அதுக்கு லீவு வேணும்னு பதிலுக்கு அனுப்பி வச்சிருக்குது. வயசு கொஞ்சம் கூடத்தான். ஆனா கீதாஞ்சலி உக்காந்தா கொட்டாவி விடும். இவங்க அசையவே மாட்டேங்கறாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “சோறு போட்டா, எடுத்து சாப்புடுங்கன்னு சொல்ற வரைக்கும் தொடறதில்ல. அதுதான் எனக்குப் புரியல” என்றார்.

உள்ளே நீல விளக்கு. முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலைந்து மீன். தொட்டிக்குப் பின்னால் சுண்ணாம்புப் பாறை ஒன்றின் மேல் கடல்கன்னி சாய்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து பச்சை ஜிகினா வால். தலையில் கூந்தல் டோப்பா. முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. முன்னால் நின்ற ஒரு குடும்பம் பார்த்து முடித்து, “மெழுகு பொம்மையாட்டம் இருக்குது” என்று சொல்லிக்கொண்டே வெளியே போயிற்று.

தெய்வநாயகி அந்தோணிராஜிடம் வாசலைக் காட்டினாள். அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

“அமராவதி” என்றாள் அவள், மெதுவாக.

கடல்கன்னி உடனே திரும்பவில்லை. அது தன் பெயர்தானா என்று யோசிப்பவள் மாதிரி இருந்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

“பேரச் சொல்லிக் கூப்புட்டு ரொம்ப வருஷமாச்சு” என்றாள். “நீங்க யாரு?”

தெய்வநாயகி சொன்னாள். தொட்டியைச் சுற்றி வந்து பாறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அமராவதி பேசத் தொடங்கினாள். யாரும் கேட்டிராததால் சேர்ந்துபோன பேச்சு, அவசரமில்லாமல் வந்தது.

“பசங்க கடையில நின்னாங்க. நான் பைங்கள பஸ்ஸுல வச்சிட்டு, தண்ணி புடிக்க இந்த கூடாரத்துக்குப் பின்னால வந்தேன். கொழாய்கிட்ட இந்த பொண்ணு கீதாஞ்சலி உக்காந்து அழுவுது. வாலு மடியில கெடக்குது. அதோட கொழந்தைக்கு ஜுரம், திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். மொதலாளி கடைசி ஷோ முடிச்சிட்டுப் போன்னு சொல்லிட்டாராம். அதுவரைக்கும் எப்படி இருக்கறதுன்னு அழுவுது. நான் சொன்னேன், என் பஸ்ஸு திண்டிவனம்தான் போவுது, என் சேலையக் கட்டிகிட்டு என் சீட்டுல உக்காந்துக்கோ, ஒரு ஷோ நான் உக்காருறேன், நான் டவுன் பஸ் புடிச்சு வந்துடறேன்னு. செருப்ப கொழாய்கிட்டயே கழட்டிப் போட்டுட்டு, மொதலாளிகிட்ட அதோட பெரியம்மான்னு சொல்லி வால மாட்டிகிட்டேன். வீட்டுச் சாவியையும் அதுகிட்டயே குடுத்தேன், தம்பிகிட்ட குடுத்துடுன்னு. பாவம், ஆஸ்பத்திரியப் பாத்ததும் மறந்திருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஓடிப் போவணும்னு நெனைக்கல. சத்தியமா.” அவள் வாலின் ஜிகினாவைத் தடவினாள். “அப்புறம் அவங்க உள்ள வந்தாங்க. தம்பி, வினோதினி, பசங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு. இதோ இப்ப கண்டுபுடிக்கப் போறாங்க, என்னைய கேலி பண்ணப் போறாங்கன்னு. தம்பி நீங்க நின்ன எடத்துலதான் நின்னான். என்னைய நல்லா பாத்தான். ‘வாலு தைச்சது தெரியுது பாரு’ன்னு அவகிட்ட சொன்னான். சின்னவ நிவேதா மட்டும் ‘அத்தை’ன்னா. அவ அம்மா, ‘அத்தை பஸ்ஸுல இருப்பாங்க, நகரு, பின்னால ஆளு நிக்கறாங்க’ன்னா. போயிட்டாங்க.”

ஒலிபெருக்கி ஒரு சுற்று முடிந்து கொர் கொர்ரென்றது. மறுபடி தொடங்கியது.

“பஸ்ஸு கெளம்பற சத்தம் கேட்டுச்சு. அவன் திரும்பி கடைசி சீட்டப் பாத்தா நான் இல்லைன்னு தெரியும், ஓடி வருவான்னு இருந்தேன். வால கழட்டவே இல்ல. மறுநாளு சமைக்கற பொம்பளைங்க பேசிகிட்டாங்க, ஒருத்திய கடல் கொண்டு போயிடுச்சுன்னு. என்னத்தான்னு புரிஞ்சுது. அழுக வரல. ஒரு வேல முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. சரி, செத்தாச்சு, இனிமே யாருக்கும் காபி போட வேணாம்.”

தெய்வநாயகி போலீஸ் வேலையில் காணாமல் போன பெண்கள் எத்தனையோ பேரைத் தேடியிருக்கிறாள். கண்டுபிடித்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் வேலை என்று இருந்தது. இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் மறைக்கவும் முடியாது.

“ஒண்ணு உங்களுக்குத் தெரியாது” என்று எழுந்தாள். கூடாரத்தின் பின்பக்கத் தார்ப்பாயைக் கயிறு அவிழ்த்துத் தூக்கினாள்.

வெளிச்சம் கண்ணை அடித்தது. தோப்பின் இடைவெளியில் கடல். அதன் முன்னால், வெயிலில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு முதுகு.

அமராவதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “யாரு அது?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “முருகையனா? கடைய தொறக்கலையா அவன்?”

“திங்கக்கெழமையிலேருந்து அங்கதான் உக்காந்திருக்காரு. கட்டுமரக்காரங்கள கெஞ்சி ரெண்டு தடவ உள்ள போய் தேடிட்டு வந்தாரு. வாந்தியாம். திரும்பவும் போறேங்கறாரு.”

“கடலையே பாத்துகிட்டு இருக்கான் பாருங்க” என்றாள் அமராவதி. “நான் இங்க பின்னால இருக்கேன். அங்கயே பாத்துகிட்டு இருக்கான்.” அப்போதுதான் அவள் அழுதாள். பவுடர் கோடு கோடாகக் கரைந்தது. தெய்வநாயகி தார்ப்பாயைப் பிடித்தபடியே நின்றாள். அழுது முடியும்வரை அவள் வேறெங்கோ பார்த்தாள்.

“இந்த கொக்கிய கொஞ்சம் கழட்டி விடுங்க” என்றாள் அமராவதி கடைசியாக.

வாலின் கீழே அவள் ஒரு பழைய நைட்டி உடுத்தியிருந்தாள், சமையல்காரி கொடுத்ததாம். டோப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு மணலில் இறங்கினாள். சுடுகிறதென்று காட்டிக்கொள்ளாமல் நேராக நடந்தாள். தெய்வநாயகி தோப்பின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். காற்று கடலிலிருந்து வீசியதால் பேச்சு கேட்டது.

அமராவதி தம்பிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். முருகையன் திரும்பவில்லை. கரையில் மீன் பொறுக்க வரும் பெண்களில் ஒருத்தி என்று நினைத்திருப்பான்.

“எங்க அக்காவுக்கு நீச்சல் தெரியாதும்மா” என்றான், கடலைப் பார்த்தே. “அதான் மனசு ஆறல.”

“தெரியும்டா. உனக்கு இடுப்புல டின்ன கட்டி, நம்ம கழனிக் கெணத்துல எறக்கிவிட்டு நீச்சல் கத்துக் குடுத்ததே நான்தான்.”

முருகையன் திரும்பினான். வெகுநேரம் பார்த்தான். அவள் முகத்தில் பாதி பவுடரும் பாதி கண்ணீருமாக இருந்தது. அவன் கையை நீட்டி, அவள் நைட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டான், கூட்டத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது போல. கடைசியில், “வா, வீட்டுக்குப் போலாம்” என்றான்.

“நான் வரல. இப்ப வரல.” அவள் குரலில் கோபம் இல்லை. “அந்த பொண்ணோட கொழந்தைக்கு சரியாவட்டும், அது வரட்டும். அதுக்கப்புறம் யோசிக்கறேன். சாயந்திரம் ஷோ இருக்குது. டிக்கெட் எடுத்துகிட்டு உள்ள வா. வந்து, ஒழுங்கா பாரு.”

அந்தோணிராஜ் தோப்பின் ஓரத்துக்கு வந்தான். அங்கே நடப்பதைப் பார்த்தான். தெய்வநாயகி அதற்குள் மணல் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தாள். போகிற வழியில் போலீஸிடம் ஆள் உயிரோடு இருக்கிறாள், வயது வந்தவள், சொந்த விருப்பத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட வேண்டும். அதோடு கேஸ் முடிந்தது.

வண்டி மரக்காணத்தை நெருங்கியபோது இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வந்தன. வேலை முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். கீற்று மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் வரிசையாக, ஆளில்லாத ஊரின் வீடுகள் போல நின்றன.

“இருட்டறதுக்குள்ள உங்கள வீட்டுல விட்டுடறேன் மேடம்” என்று அந்தோணிராஜ் முறுக்கினான்.

தெய்வநாயகி அவன் தோளில் லேசாகத் தட்டினாள்.

“மெதுவாவே போ அந்தோணி. அவசரம் ஒண்ணும் இல்ல.”